52 சதவீதமா, 27 ரூபாய் 50 காசா? மின்சாரச் செய்திகளை எப்படித்தான் படிப்பது?

நொய்யல்கரை எழுதியது:

பரணைச் சுத்தம் செய்தபோது 2022 ஜூலை மாதத்துப் பேப்பர் இரண்டு கிடைத்தன. தமிழ்நாட்டில் மின்கட்டண உயர்வை அறிவித்த சமயம். ஒரு பேப்பர் மாதம் 27 ரூபாய் 50 காசுதான் கூடுகிறது என்ற தொனியில் எழுதியிருக்கிறது. இன்னொன்று 52 சதவீதம் வரை உயர்வு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. இரண்டும் ஒரே அறிவிப்பைப் பற்றித்தான். அன்றைக்கு நானும் அப்பாவும் ஆளுக்கொரு பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட்டது நன்றாக நினைவிருக்கிறது. இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேன்: எங்களில் யாரிடம் பொய் சொன்னார்கள்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

யாரிடமும் இல்லை. அதுதான் வம்பே.

பழைய கட்டணம் என் நோட்டில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடிய வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் ஒன்றரை ரூபாய், நிலைக்கட்டணம் 20. ஆக 170 ரூபாய். புதிய கட்டணத்தில் நிலைக்கட்டணம் போய்விட்டது, யூனிட் 2.25 ஆனது. 225 ரூபாய். கூடியது 55. நமக்கு பில் வருவதோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆனால் அறிவிப்பில் 55-ஐ இரண்டாக வகுத்து "மாதத்துக்கு 27.50" என்றார்கள். தப்பில்லை. ஆனால் நம் வீட்டில் யாருமே மின்கட்டணத்தை மாதக் கணக்கில் யோசிப்பதில்லையே! அதே 55 ரூபாயைச் சதவீதத்தில் சொன்னால் 32.

52 எங்கிருந்து வந்தது? 500 யூனிட் வீட்டிலிருந்து. பழையது 1,130 ரூபாய், புதியது 1,725. கூடியது 595. போட்டுப் பாருங்கள், 52.65 சதவீதம்.

இனிமேல்தான் வேடிக்கை. 600 யூனிட் வீட்டுக்குப் பழையது 2,440, புதியது 2,750. உயர்வு வெறும் 12.7 சதவீதம். அதாவது ஏசி போட்டுத் தூங்குகிறவருக்கு 12, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு மோட்டார் என்று 500-க்குள் அடக்கிப் பிடித்து ஓட்டிய நடுத்தரக் குடும்பத்துக்கு 52. இந்த அறிவிப்பில் உண்மையான செய்தி இதுதான். உங்கள் இரண்டு பேப்பரிலும் இது இருக்கிறதா பாருங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

பார்த்தேன். ஒன்றில் உள்பக்கத்தில் பட்டியல் மட்டும் இருக்கிறது. பட்டியலைப் பார்த்து யார் வகுத்துப் பார்ப்பார்கள்? அப்பா அன்றைக்கு 27.50 கட்சி. எங்கள் வீடு அப்போது 480 யூனிட் ஓட்டிக்கொண்டிருந்தது!

தலைப்புமேசை எழுதியது:

பதினோரு வருடம் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் வாக்குமூலம் தருகிறேன். பேப்பர் பெயர் வேண்டாம்.

இரவு ஒன்பதரைக்கு அறிவிப்பு கைக்கு வரும். பத்தரைக்குப் பக்கம் போக வேண்டும். தலைப்புக்கு மூன்று சொல்லுக்குத்தான் இடம். "500 யூனிட் பயன்படுத்தும் வீடுகளுக்கு 52 சதவீதமும் 600 யூனிட் பயன்படுத்தும் வீடுகளுக்கு 12 சதவீதமும்" என்று எழுதினால் ஆசிரியர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். ஆகவே இருப்பதிலேயே பெரிய எண்ணை எடுத்து, பின்னால் "வரை" என்று ஒரு சொல்லைப் போட்டுவிடுவோம். அந்த "வரை" எங்களுக்கு வக்கீல் மாதிரி. எவன் வந்து கேட்டாலும் காப்பாற்றும். எதிர்ப்பக்கம் "மட்டுமே", "வெறும்", "சற்று" எல்லாம் அதே வேலையைச் செய்யும். எண்ணைத் தொடாமலே எண்ணின் நிறத்தை மாற்றிவிடலாம்.

அப்புறம் வினைச்சொல். வேண்டியவர்கள் ஏற்றினால் "கட்டணம் திருத்தியமைப்பு". வேண்டாதவர்கள் ஏற்றினால் "கடும் உயர்வு". ஏழைக்குக் கொடுத்தால் "இலவசம்", கம்பெனிக்குக் கொடுத்தால் "ஊக்கத்தொகை". நானே இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு உறுத்தவில்லை, அதுதான் உண்மை.

ஆரல்காற்று எழுதியது:

நல்ல பேச்சு. ரூபாய்க் கணக்காவது வகுத்தால் வந்துவிடும். எனக்கு முப்பது வருடமாக வயிற்றெரிச்சல் தருவது மெகாவாட். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். "இந்த நிலையம் நாளொன்றுக்கு 1,000 மெகாவாட் உற்பத்தி செய்கிறது" என்று பேப்பரில் வராத வாரம் கிடையாது. "மணிக்கு 50 மெகாவாட்" என்றும் வரும். இரண்டும் அர்த்தமில்லாத வாக்கியங்கள்.

தோட்டத்தில் 5 எச்பி மோட்டார் வைத்திருக்கிறீர்கள். "நாளொன்றுக்கு 5 எச்பி தண்ணீர் பாய்ச்சினேன்" என்று யாராவது சொல்வார்களா? 5 எச்பி என்பது மோட்டாரின் பலம். எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரிந்தால்தான் வயல் நனைந்ததா இல்லையா என்று சொல்லலாம். மெகாவாட் பலம், யூனிட் வேலை. ஒரு மெகாவாட் ஒரு மணி நேரம் முழுசாக ஓடினால் 1,000 யூனிட். இவ்வளவுதான் விஷயம், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

இதைக் குழப்பினால் என்ன ஆகும்? 1,000 மெகாவாட் அணு உலை ஒன்று, கூடங்குளத்தில் இருப்பது மாதிரி, வருடத்தில் 80 சதவீதத் திறனில் ஓடியது என்று வையுங்கள். சுமார் 700 கோடி யூனிட். அதே 1,000 மெகாவாட் சூரிய மின் நிலையம் 19 சதவீதத்தில் ஓடினால் 166 கோடி யூனிட். தலைப்பில் இரண்டுமே "1,000 மெகாவாட்". காற்று இன்னும் மோசம். மே மாதம் பிறந்து செப்டம்பர் முடியும் வரை பேயாட்டம் ஆடும், அப்புறம் காற்றாலை இறக்கை கொக்கு மாதிரி நிற்கும்.

பசுமைவாசி எழுதியது:

ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் இதே கணக்கை வைத்து "சோலார் 19 சதவீதம்தான் வேலை செய்கிறது, எல்லாம் ஏமாற்று" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதுவும் அரை உண்மை. வெயிலுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. நிலக்கரிக்குக் கொடுக்கிறோம். யூனிட் என்ன விலைக்கு வருகிறது என்பதுதான் கேள்வி. 2017 மே மாதம் ராஜஸ்தானில் பட்லா சூரிய மின் பூங்கா ஏலத்தில் யூனிட் 2.44 ரூபாய்க்கு வந்தது. 19 சதவீதமும் அந்த விலைக்குள் அடங்கித்தான் இருக்கிறது.

ஆரல்காற்று எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. ஆனால் 2.44 நிலையத்தின் வாசலில் உள்ள விலை. ராத்திரி ஏழு மணிக்கு உங்கள் வீட்டில் குழம்பு கொதிக்கும்போது அந்த விலை கிடையாது. கம்பி, மின்மாற்றி, வழியில் போகும் இழப்பு, மாலையில் வேறொரு நிலையத்தைத் தயாராக வைத்திருக்கும் செலவு எல்லாம் அதற்கு வெளியே. நீங்கள் என்னுடைய 19-ஐப் பிடித்தீர்கள், நான் உங்களுடைய 2.44-ஐப் பிடிக்கிறேன். கணக்குத் தீர்ந்தது.

பசுமைவாசி எழுதியது:

சரி, தீர்ந்தது. :) ஆனால் பொய் எப்போதும் ஒரே பக்கமாகச் சாயாது என்பதற்கு ஒன்று காட்டுகிறேன். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தபோது, வெளிநாட்டு ஊடகங்கள் உட்படப் பல இடங்களில் "ஒன்றரை லட்சம் வீடுகளுக்கு மின்சாரம்" என்று எழுதினார்கள். ஐயாவின் 19 சதவீதத்தையே வைத்துப் போட்டேன். வருடத்துக்கு 108 கோடி யூனிட் பக்கம் வருகிறது. அதை ஒன்றரை லட்சத்தால் வகுத்தால் வீட்டுக்கு 7,200 யூனிட். இரண்டு மாதத்துக்கு 1,200! கமுதியில் எந்த வீட்டில் 1,200 யூனிட் ஓடுகிறது? அது மேல்நாட்டு வீட்டின் கணக்கு. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்று நம்மூர் வீட்டை எடுத்தால் ஒன்பது லட்சம் வீடு வரும். அதாவது அந்த நிலையத்தைப் புகழ்ந்து எழுதியவர்கள் அறியாமல் ஆறில் ஒரு பங்காகக் குறைத்து எழுதியிருக்கிறார்கள். சோலாரைத் திட்டினால்தான் எண்ணைத் திரிப்பார்கள் என்றில்லை. யோசிக்காமல் எழுதினாலும் திரியும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அட! நானே அந்த ஒன்றரை லட்சத்தை ஒரு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வெட்கம். சும்மா வகுத்துப் பார்த்திருந்தால் போதும்.

நொய்யல்கரை எழுதியது:

அப்படியென்றால் போன வருடம், 2025 ஜூலையில், "இந்தியாவின் மின்சாரத்தில் பாதி இனி பசுமை" என்று வந்ததே, அதுவும் இந்த ரகம்தானா?

ஆரல்காற்று எழுதியது:

அதே ரகம்தான், ஆனால் அதில் அரசு சொன்ன வாக்கியம் சரியானது. மொத்த நிறுவுதிறன், அதாவது எல்லா நிலையங்களின் பலத்தையும் கூட்டினால் வருவது, 484.8 ஜிகாவாட் (ஒரு ஜிகாவாட் 1,000 மெகாவாட்), அதில் நிலக்கரி, எரிவாயு, டீசல் அல்லாதது 242.8. பாதிக்கு ஒரு மயிரிழை மேல். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்துக்காக, 2030-க்குள் பாதி என்று இந்தியா கொடுத்த வாக்கே நிறுவுதிறனில்தான். உற்பத்தியில் இல்லை. அதனால் "இலக்கை ஐந்து வருடம் முன்பே எட்டினோம்" என்பது கணக்குப்படி உண்மை. அந்த "நிறுவுதிறன்" என்ற சொல்தான் தலைப்புக்குப் போகிற வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. ஓடுகிற யூனிட்டில் 70 சதவீதத்துக்குப் பக்கம் இன்னமும் நிலக்கரிதான். இன்னொன்று, "நிலக்கரி, எரிவாயு, டீசல் அல்லாதது" என்றால் அணுவும் பெரிய அணைகளும் அதற்குள் அடக்கம். அதைப் "பசுமை" என்று சொல்லலாமா என்று தனி இழை போடுங்கள், நான் வருகிறேன்.

கோவை_ஷிப்ட் எழுதியது:

நீங்கள் எல்லாம் எண்ணைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு சராசரி மேல்தான் கோபம். 2012-ஐ மறந்துவிட்டீர்களா? அப்போது நான் கோவையில் கணபதி பக்கம் லேத் பட்டறையில் இருந்தேன். ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் இல்லை. மொத்தமாகப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போகும். சென்னையில் இரண்டு மணி நேரம். மாநிலத்துக்குச் சராசரி போட்டால் ஏதோ நடுவில் ஒரு எண் வரும், அந்த எண்ணில் ஒருத்தரும் வாழவில்லை. பற்றாக்குறை 4,000 மெகாவாட் என்பார்கள். பட்டறையையே மூடிவிட்டு ஊருக்குப் போனவனுடைய தேவை அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது? கேட்காதவனுக்குப் பற்றாக்குறையும் கிடையாது!

சொல்லும் அப்படித்தாங்க. நாங்கள் "மின்வெட்டு" என்போம். அறிவிப்பில் "சுமை கட்டுப்பாடு". மாதம் ஒருநாள் முழுக்கப் போனால் "பராமரிப்புப் பணி". மழைக்குப் போனால் "மின்தடை". எல்லாவற்றிலும் ஃபேன் நிற்கிறது.

தலைப்புமேசை எழுதியது:

மின்தடைக்கும் மின்வெட்டுக்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டு அண்ணா. ஒன்று பழுது, இன்னொன்று முடிவெடுத்து நிறுத்துவது. ஆனால் நீங்கள் சொல்வது சரி, அந்த வித்தியாசத்தை ஆட்சிக்கு ஏற்பத்தான் பயன்படுத்தினோம்.

தமிழில் சில சொற்கள் தாமாகவே வம்பு. "தள்ளுபடி" ஒன்று போதும். விவசாயிக்கு அரசு கடனை ரத்து செய்தாலும் தள்ளுபடி. வங்கி தன் வாராக்கடனைக் கணக்குப் புத்தகத்தின் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, வசூலுக்கு வழக்கைத் தொடர்ந்து நடத்தினாலும் தள்ளுபடி. முதலாவதில் கடன்காரர் நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டாவதில் தூங்க முடியாது, குறைந்தபட்சம் சட்டப்படி. (நடைமுறையில் பெரிய கடன்காரர்கள் நன்றாகவே தூங்குகிறார்கள், அது வேறு.) ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனிச்சொல் உண்டு. நாம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நின்று கத்துகிறோம்.

மறவன்மடம் எழுதியது:

சொல் விழுந்த கதை என்றால் 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டை விடலாமா? 1.76 லட்சம் கோடி. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த எண். 2010-இல் தணிக்கை அறிக்கை சொன்னது "உத்தேச இழப்பு". அதிலும் நான்கு விதமாகக் கணக்குப் போட்டு 57,666 கோடியிலிருந்து 1,76,645 கோடி வரை கொடுத்திருந்தார்கள். "உத்தேச" போயிற்று, மற்ற மூன்று எண்ணும் போயின, "இழப்பு" என்பது "ஊழல் தொகை" ஆயிற்று. மேடையில் ஒருவர் சூட்கேஸ் எத்தனை ஆகும் என்று கணக்குப் போட்டதை நான் நேரில் கேட்டேன். கடைசியில் 2017 டிசம்பரில் எல்லோரும் விடுதலை. ஆக எல்லாம் பொய்!

கணக்குப்பிள்ளை எழுதியது:

கடைசி வரியில் நீங்களும் அதையே செய்கிறீர்கள். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. ஒதுக்கீடு நடந்த முறை சரியில்லை என்று. 2017-இல் சிறப்பு நீதிமன்றம் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றது. இரண்டுமே நடந்தவை. இரண்டில் எதுவும் 1.76 லட்சம் கோடி சரியென்றோ தப்பென்றோ சொல்லவில்லை. ஏலம் விட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்ற கேள்விக்கான பதில் அது. அப்படியான கேள்விக்கு எப்போதும் பல பதில் இருக்கும்.

இந்த இழைக்கு நெருக்கமானது நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுதான். 2012 மார்ச்சில் கசிந்த தணிக்கை வரைவில் உத்தேசக் கணக்கு 10.67 லட்சம் கோடி. ஆகஸ்டில் வந்த இறுதி அறிக்கையில் 1.86 லட்சம் கோடி. சுரங்கங்களில் எவற்றைச் சேர்ப்பது, எவ்வளவு நிலக்கரியை எடுக்க முடியும் என்று மாற்றினாலே இவ்வளவு இறங்குகிறது. ஆறு மாதத்துக்குள் ஆறில் ஒரு பங்கு ஆன எண்ணை வைத்து யாராவது ஒரு தலைப்பைத் திரும்பப் பெற்றார்களா?

மட்டுறுத்துநர்:

கட்சி பக்கம் போகாமல் இருந்தால் இழை திறந்திருக்கும். 2ஜி இத்துடன் போதும்.

வடமராட்சி எழுதியது:

நாங்கள் அடிபட்ட கதையையும் சொல்லுறன். 2023 செப்டம்பரில் இங்கே இலங்கையில் எல்லாப் பத்திரிகையிலும் பணவீக்கம் 1.3 வீதமாகக் குறைந்தது என்று வந்தது. என்ர மாமி அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்க் கடைக்காரரோடு சண்டை. "விலை குறைஞ்சிட்டுது எண்டு பேப்பரிலயே போட்டிருக்கு, நீ ஏன் குறைக்கேல்லை?" அந்த மனுசன் என்ன செய்வான்?

கொழும்பு விலைச் சுட்டெண்படி 2022 செப்டம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். அதாவது ஒரு வருடத்துக்கு முன் நூறு ரூபாய்க்கு வாங்கின சாமான் 170. அடுத்த வருடம் 1.3 வீதம் என்றால் அந்த 170 மேல் இன்னும் இரண்டு ரூபாய் ஏறி 172. குறைந்தது விலை இல்லை, ஏறுகிற வேகம். மலை ஏறி முடித்துச் சமதரையில் நடக்கிறோம், ஒருத்தரும் கீழே இறங்கவில்லை. பாண் வாங்கப் போகிறவருக்கு இதை எப்படிச் சொல்லுறது?

மின்சாரமும் அதே கூத்து. 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம் கூட்டினவை, 2023 பெப்ரவரியில் 66 வீதம். கூட்டி 141 என்று கனபேர் எழுதினவை. இல்லை. 100 முதலில் 175 ஆகி, அந்த 175-க்கு மேல் 66 வீதம் ஏறி 290. மொத்த உயர்வு 190 வீதம். பிறகு 2024-இல் 22 வீதம் குறைத்தார்கள் என்றதும் பாதி திரும்ப வந்த மாதிரி ஒரு சந்தோசம். ஏறும்போது சின்ன எண்ணின் வீதம், இறங்கும்போது பெரிய எண்ணின் வீதம். ரூபாயில் எழுதியிருந்தால் மாமிக்கும் விளங்கியிருக்கும்.

தலைப்புமேசை எழுதியது:

மாமிக்கு என் வணக்கம். அந்தத் தலைப்பை நானே ஐம்பது முறை எழுதியிருப்பேன். "விலையேற்றத்தின் வேகம் தணிந்தது" என்று எழுதலாம். மூன்று சொல்தான்! ஏன் எழுதவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மறவன்மடம் எழுதியது:

அப்படியே இன்னொன்று. எங்கள் தூத்துக்குடி அனல்மின் நிலையம் பற்றி மாதம் ஒருமுறை வரும்: "கொதிகலன் குழாயில் ஓட்டை, 210 மெகாவாட் உற்பத்தி பாதிப்பு". படித்தால் ஊரே இருளப்போகிறது போலப் பயமாக இருக்கும். அங்கே அப்படி ஐந்து அலகு இருக்கிறது, தலா 210. மாநிலத்தின் உச்சத் தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட் வரை போயிருக்கிறது. அதில் 210 ஒரு சதவீதம். வீட்டில் நூறு பல்பில் ஒன்று ஃபியூஸ் போன மாதிரி. ஆனால் மூன்றாவது வரியில்கூட அதை எழுத மாட்டார்கள்.

ஆரல்காற்று எழுதியது:

மே மாதம் மாலையில், காற்று இன்னும் பிறக்காத வாரத்தில், அந்த ஒரு சதவீதம்தான் உயிரை எடுக்கும் தம்பி. கையிருப்பு 200 மெகாவாட் இருக்கும்போது 210 போனால் அது நூறில் ஒன்று இல்லை. எதற்கு எதை வகுக்கிறோம் என்று நாமும் பார்க்க வேண்டும். வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு சாயங்காலம் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

மறவன்மடம் எழுதியது:

அதை நான் யோசிக்கவில்லை ஐயா. சரி, என் நூறு பல்பை வாபஸ் வாங்குகிறேன்.

கோவை_ஷிப்ட் எழுதியது:

இதற்குத்தான் நான் ஒரே ஒரு எண்ணை நம்புகிறேன். மீட்டர்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மீட்டரை நம்பலாம், பில் வரும் வழியை நம்பாதீர்கள். 500 யூனிட் வரை ஒரு கணக்கு, 501 ஆனால் வேறு கணக்கு. 2022-க்கு முன்னால் 500-க்கு 1,130 ரூபாய், 501-க்கு 1,786 ரூபாய் 60 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாய். 2022 மாற்றத்தில் அந்தப் பள்ளம் 233 ரூபாயாகக் குறைந்தது. ஆனால் அதைச் செய்தியாக்கிய பேப்பர் எதையும் நான் பார்க்கவில்லை. கெட்ட செய்திக்குள் இருந்த நல்ல செய்தி, இரண்டு கட்சிக்குமே தேவைப்படவில்லை போலிருக்கிறது.

நொய்யல்கரை எழுதியது:

இந்த இழை முழுவதையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 27.50 கட்சியிலிருந்து அவர் இன்னும் இறங்கவில்லை. "நான் சொன்னது 200 யூனிட்காரனுக்கு" என்கிறார். ஆனால் 501 கதை மட்டும் உறைத்துவிட்டது. நேற்று முக்காலி போட்டு ஏறி மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். போன கணக்கிலிருந்து 488. கணக்கெடுக்க இன்னும் மூன்று நாள். ஏசிக்குப் பூட்டு போட்டாயிற்று, மொட்டை மாடியில் பாய். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. இன்று காலை திருச்சி அத்தை குடும்பத்தோடு வந்து இறங்கியிருக்கிறார்கள். குழந்தைக்கு வியர்க்குருவாம்.